தூங்காத கார்: பேட்டரி எங்கே வடிகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நாலு நாள் தொடாமல் நிறுத்தி வைத்த காரில் ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ரிலே சத்தம் மட்டும் வருகிறது. ஜம்ப் கேபிள் போட்டால் உடனே கிளம்பிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால், அடுத்த வாரம் மறுபடி அதே கதை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே எடுக்கிற பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வழக்கமான வைத்தியம் புது பேட்டரி. சில மாதம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். ஏனென்றால் பல நேரம் பேட்டரி குற்றவாளியே இல்லை, பாதிக்கப்பட்ட தரப்பு அதுதான். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை வடியவிட்டு அப்படியே போட்டு வைத்தால், தகடுகளில் படியும் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. மூல காரணத்தைப் பிடிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதுசையும் அதே வழியில் கொல்கிறோம்.

இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் படித்ததில் முக்கியமாக எனக்குப் பட்டது இது: கரண்ட் எவ்வளவு என்று அளப்பது சுலபம். கார் தூங்கிய பிறகு, அதை எழுப்பிவிடாமல் அளப்பதுதான் கஷ்டம். தப்பான பதில்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நிறுத்தி வைத்த காரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், ரிமோட் ரிசீவர், கம்ப்யூட்டர்களின் நினைவகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்தால் அது சகஜம். பொதுவாக மெக்கானிக்குகள் 50 மில்லி ஆம்பியரை எல்லைக்கோடாக வைத்துக்கொள்வார்கள்.

70 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதி, அதாவது 35 ஆம்பியர்-அவர் காலியானால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

- 50 மில்லி ஆம்பியர்: ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். பாதியாக 29 நாள் ஆகும்.
- 400 மில்லி ஆம்பியர் (ஒரு 5 வாட் பல்பு ஏறக்குறைய இவ்வளவுதான் இழுக்கும்): ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்-அவர். மூன்றரை நாள்.
- 1 ஆம்பியர்: ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-அவர். ஒன்றரை நாள்.

மேலே சொன்ன 'நாலு நாள்' காரில் யாரோ ஒரு சின்ன பல்பு அளவுக்குக் கரண்ட் குடிக்கிறார்கள் என்று இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. ஆனால் இன்னொரு வாய்ப்பும் இருக்கு. பேட்டரி வயசாகி, மேலே 70 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 35தான் மிச்சம் என்றால்? 50 மில்லி ஆம்பியர் நியாயமான இழுப்பே அதை இரண்டு வாரத்தில் பாதியாக்கிவிடும். காரில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே கார் கிளம்பாது.

அதனால் மீட்டரை எடுத்துக்கொண்டு கசிவைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு பேரை விசாரித்து அனுப்பிவிட வேண்டும்.

ஒன்று, பேட்டரி. சார்ஜரில் முழுசாக ஏற்றி, காரிலிருந்து கழற்றி, ஒரு ராத்திரி சும்மா வையுங்கள். நல்ல பேட்டரி காலையில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி என்பது தோராயமான கணக்கு. எதோடும் இணைக்காமலேயே இறங்கிவிட்டால் குற்றவாளி பேட்டரிதான், விசாரணை முடிந்தது. இறங்கவில்லை என்றாலும் லோடு டெஸ்ட் ஒன்று பார்த்துவிடுவது நல்லது. வோல்ட்டேஜ் சரியாகக் காட்டிக்கொண்டே கொள்ளளவு செத்துப்போன பேட்டரிகள் உண்டு.

இரண்டு, சார்ஜிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கணும். அது இல்லையென்றால் பேட்டரி வடியவில்லை, நிரம்பவே இல்லை. பத்து நிமிட ஓட்டங்கள் மட்டுமே ஓடும் காருக்கும் இதே கதிதான்.

இந்த இரண்டும் சரி என்றால் மட்டுமே மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் கரண்ட் குடிக்கும் ஆள்.

'ஆஃப்' என்று ஒன்று கிடையாது

உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ எம்3, இ46 தலைமுறை. 2000 முதல் 2006 வரை தயாரான கார், 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 343 குதிரைத்திறன். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கு. சுவிட்சும் ரிலேயும் செய்த வேலைகளைக் கம்ப்யூட்டர்கள் எடுத்துக்கொண்ட காலத்துக் கார் இது. இன்றைக்கு வயசும் இருபதைத் தாண்டியாச்சு.

ஜெர்மன் வயரிங் படங்களில் டிஐஎன் 72552 என்ற தர அளவுகோலின் எண்கள் இருக்கும். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும், எப்போதும் உயிரோடு இருக்கும் லைன். 15 என்றால் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் லைன். 31 என்றால் எர்த். சாவியை எடுத்ததும் 15 செத்துவிடும். ஆகவே, நிறுத்திய காரில் கரண்ட் குடிப்பவர் 30-இல் தொங்கிக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும், அல்லது 15-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒட்டிப்போன ரிலேயாக இருக்க வேண்டும்.

30-இல் தொங்கும் கம்ப்யூட்டர்கள் 'ஆஃப்' ஆவதில்லை, தூங்குகின்றன. தூக்கம் என்பது ஒரு கூட்டு முடிவு. இ46-இல் ரேடியோ, ஏசி கண்ட்ரோல், மீட்டர் போர்டு, கதவு-விளக்கு-பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெனரல் மாட்யூல் எல்லாம் கே-பஸ் என்ற ஒற்றை ஒயரில் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. எல்லோரும் பேச்சை நிறுத்தினால்தான் எல்லோரும் தூங்க முடியும். ஒருத்தர் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் தூக்கம் போச்சு. பழுதான ஒரு மாட்யூலோ, பிற்பாடு வாங்கி மாட்டிய ப்ளூடூத் அடாப்டரோ தானாக இழுக்கும் கரண்ட் கொஞ்சமாக இருக்கலாம். அது விழிக்க வைத்திருக்கும் மற்றவர்களின் கரண்ட்தான் பேட்டரியைக் காலி செய்கிறது.

காரைப் பூட்டியதிலிருந்து இந்தத் தூக்கம் முழுமையாக வர இ46-இல் சுமார் 16 நிமிடம் ஆகும். மறந்துபோய் எரியவிட்ட உள் விளக்கு மாதிரியான சில்லறைச் சமாச்சாரங்களையும் ஜெனரல் மாட்யூல் அந்த நேரத்தில்தான் துண்டிக்கும். அதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்தால் ஆம்பியர் கணக்கில் இழுப்பது தெரியும். அதைப் பார்த்து 'பெரிய லீக் இருக்கு சார்' என்று சொல்பவர், கண்ணை மூடப் போகும் காரை அளந்துவிட்டுச் சொல்கிறார். மற்ற கார்களில் இந்த நேரம் வேறுபடும். சிலது சில நிமிடத்தில் தூங்கும், சிலதுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.

எழுப்பாமல் அளப்பது

மென்பொருள் உலகத்தில் 'ஹைசன்பக்' என்று ஒரு சொல் உண்டு. கவனிக்கப் போனால் மறைந்துவிடும் பிழைக்கு அந்தப் பெயர். காரில் இது அப்படியே நடக்கும். அளப்பதற்காகக் கதவைத் திறந்தால் கார் எழுந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினால், அந்த ஒரு நொடி மின்வெட்டில் எல்லா மாட்யூலும் ரீபூட் ஆகும். மாட்டிக்கொண்டிருந்த மாட்யூல் சரியாகிவிடும், ஒட்டிக்கொண்டிருந்த ரிலே விடுபட்டுவிடும். மீட்டர் 25 மில்லி ஆம்பியர் காட்டும். 'கார் நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி அனுப்புவார்கள். நாலு நாள் கழித்து மறுபடி டிக் டிக்.

அதனால் சர்க்யூட்டை ஒரு கணம்கூடத் துண்டிக்காமல் மீட்டரை நுழைக்க வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் சுகம்: நெகட்டிவ் கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பல மலிவு கிளாம்ப் மீட்டர்கள் ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். டிசி அளப்பதிலும் 10 மில்லி ஆம்பியர் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நுணுக்கம் வேணும். ஒவ்வொரு தடவையும் கவ்வுவதற்கு முன்னால் பூஜ்ஜியம் செய்துகொள்ள வேண்டும்.

சாதாரண மல்டிமீட்டர்தான் இருக்கு என்றால், இந்த வரிசையில் செய்யலாம்:

1. தேவையான இடங்களை எல்லாம் முதலிலேயே திறந்துவிடுங்கள். இ46-இல் பேட்டரி டிக்கியில், ஃப்யூஸ்கள் க்ளவ் பாக்ஸுக்கு மேலே. இரண்டையும், பக்கத்துக் கதவையும் திறந்து வையுங்கள்.
2. திறந்திருக்கும் கதவின் பூட்டு நாக்கையும், டிக்கியின் பூட்டு நாக்கையும் ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். எல்லாம் மூடியிருப்பதாகக் கார் நம்பும். வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன்னால் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பூட்டு அடிபடும்.
3. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நெகட்டிவ் கேபிளுக்கும் இடையில் ஒரு தடித்த ஜம்ப்பர் ஒயரைக் கிளிப் போட்டு இணையுங்கள். அதோடு இணையாக மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். அதன் பிறகு கேபிளை முனையிலிருந்து கழற்றுங்கள். கரண்ட் ஜம்ப்பர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்.
4. ரிமோட்டில் காரைப் பூட்டிவிட்டு, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள்.
5. இப்போது ஜம்ப்பரை எடுங்கள். கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகப் போகும். அதுதான் தூங்கும் காரின் உண்மையான எண்.

மில்லி ஆம்பியர் துளையில் மாட்டக் கூடாது. கார் திடீரென்று விழித்தால் பல ஆம்பியர் பாய்ந்து மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். பாசிட்டிவ் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். ஸ்பானர் பாடியில் பட்டால் பெரிய பொறிதான்.

ஒரு எண் போதாது

மீட்டர் 20 மில்லி ஆம்பியர் காட்டிவிட்டது. கார் சுத்தமா? இன்னும் சொல்ல முடியாது.

ஒரு கார் ஒன்பது நிமிடம் 20 மில்லி ஆம்பியரில் தூங்குகிறது, பத்தாவது நிமிடம் விழித்து 3 ஆம்பியர் இழுக்கிறது, மறுபடி தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி என்ன? 0.318 ஆம்பியர். ஒரு நாளைக்கு 7.6 ஆம்பியர்-அவர். ஐந்து நாளுக்குள் நம் பேட்டரி பாதி. ஆனால் நீங்கள் எப்போது எட்டிப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது தடவை மீட்டர் 20 என்றே சொல்லும்.

இதற்காக மீட்டரில் மேக்ஸ்-மின் பதிவு வசதி இருந்தால் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் போய் வேறு வேலை பாருங்கள். அதுகூட இல்லையென்றால் ஒரு போனை ஸ்டாண்டில் வைத்து மீட்டரை வீடியோ எடுத்து, வேகமாக ஓட்டிப் பாருங்கள். கோடு எப்படி இருக்கிறது என்பதே ஒரு துப்பு. சீராக உயர்ந்து நின்றால், ஏதோ ஒரு பல்போ ரிலேயோ அணையவில்லை. 16 நிமிடம் ஆகியும் படி இறங்கவே இல்லையென்றால், யாரோ பஸ்ஸைத் தூங்கவிடவில்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால், யாரோ அவ்வப்போது எழுப்புகிறார்கள்: தேய்ந்துபோன கதவு மைக்ரோ சுவிட்ச், கீல் பக்கம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த ஒயர், பழைய அலாரம் சைரன் மாதிரி ஏதாவது.

ஃப்யூஸைப் பிடுங்காதீர்கள்

கசிவு உறுதியானால், எந்தக் கிளை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கி மீட்டர் எப்போது இறங்குகிறது என்று பார்ப்பது பழைய முறை. கம்ப்யூட்டர் இல்லாத கார்களில் அது அருமையாக வேலை செய்யும். இ46 மாதிரி கார்களில் ஃப்யூஸைத் திரும்பச் செருகினால் அந்த மாட்யூல் ரீபூட் ஆகி, பஸ்ஸில் 'நான் வந்துட்டேன்' என்று சொல்லி எல்லோரையும் எழுப்பிவிடும். இன்னொரு 16 நிமிடம் காத்திருக்கணும். நாற்பது ஃப்யூஸ் என்றால் ஒரு முழு நாள் போச்சு. பிழையும் வழியில் மறைந்துவிடலாம்.

மாற்று வழி, ஃப்யூஸைத் தொடாமலேயே அதன் குறுக்கே வோல்ட்டேஜ் பார்ப்பது. ஃப்யூஸும் ஒரு மிகச் சிறிய மின்தடைதான். பிளேடு ஃப்யூஸின் மண்டையில் இரண்டு பக்கமும் உலோகம் லேசாகத் தெரியும், முனைகளை வைப்பதற்கென்றே விட்ட இடம் அது. மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டு முனையையும் அங்கே தொடுங்கள். பூஜ்ஜியம் என்றால் அந்தக் கிளையில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது காட்டினால், ஓம் விதிதான்.

10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸின் தடை ஏறக்குறைய 7.5 மில்லி ஓம். அதன் குறுக்கே 3 மில்லி வோல்ட் என்றால் 400 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 30 ஆம்பியர் ஃப்யூஸின் தடை ஏறக்குறைய 2 மில்லி ஓம், அதே 3 மில்லி வோல்ட்டுக்கு 1.5 ஆம்பியர். ஃப்யூஸ் பெரிசாக ஆக, சின்ன எண்ணுக்கும் பெரிய அர்த்தம். அதனால் 0.1 மில்லி வோல்ட் வரை காட்டும் மீட்டர் வேணும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைத் தூங்கவைத்துவிட்டு, இப்படி முழு ஃப்யூஸ் பெட்டியையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஃப்யூஸில் தெரியாத திருடன்

சில சமயம் எல்லா ஃப்யூஸும் பூஜ்ஜியம் காட்டும், ஆனால் மொத்தக் கரண்ட் மட்டும் அரை ஆம்பியர் இருக்கும். அப்போது அந்தப் பெட்டி வழியாகப் போகாத ஒயர்களைச் சந்தேகப்பட வேண்டும்.

முதல் சந்தேகம் ஆல்டர்னேட்டர். இன்ஜின் நிற்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பது அதன் உள்ளே இருக்கும் டையோடுகள். அதில் ஒன்று லீக் ஆனால் கசிவு ஆரம்பம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து நன்றாக இன்சுலேட் செய்து, மறுபடி இணைத்து அளந்தால் தெரிந்துவிடும். அடுத்தது, முந்தைய ஓனர்கள் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த லைன்கள்: ஆம்ப்ளிஃபையர், அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரா. பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் அதிகம். தொழிற்சாலை வயரிங் படத்தில் இவை எதுவும் இருக்காது. கண்ணால்தான் தேட வேண்டும்.

இ46-இன் பிரபலமான குற்றவாளி

இ46 ஓனர்களிடையே பேர்போன ஒரு பாகம் உண்டு. ஏசி ஃபேனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபைனல் ஸ்டேஜ் யூனிட். முள்முள்ளாக ஹீட் சிங்க் இருப்பதால் 'முள்ளெலி' என்று செல்லப்பெயர். ஃபேனுக்குப் போகும் கரண்டை டிரான்சிஸ்டர்களால் கட்டுப்படுத்தும், அந்தச் சூட்டை ஃபேன் காற்றிலேயே ஆற்றிக்கொள்ளும். வருஷக்கணக்கில் சூடாகி ஆறிப் பழுதானால், ஃபேன் வேகம் தானாக ஏறி இறங்கும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் லேசாகச் சுற்றும். அல்லது சுற்றாமலேயே கரண்ட் குடிக்கும்.

ஆனால் 'இ46-ஆ? அப்போ முள்ளெலிதான்' என்று வாங்கி மாட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அளக்காமல் மாற்றினால், கசிவு நின்றதா என்பதும் தெரியாது. ஃபேன் ஃப்யூஸின் குறுக்கே மில்லி வோல்ட் தெரிந்தால், அந்த யூனிட்டின் கனெக்டரைக் கழற்றுங்கள், காரை மறுபடி தூங்கவையுங்கள், மறுபடி அளங்கள். எண் இறங்கினால்தான் பாகத்துக்குக் காசு. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தென்பட்டால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை.

பழுது சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கு. பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி முழுக்க மேக்ஸ்-மின் போட்டு அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்தில் சொருகி வையுங்கள். '28 மில்லி ஆம்பியர், உச்சம் 30' என்று ஒரு வரி போதும். இரண்டு வருஷம் கழித்து மறுபடி டிக் டிக் கேட்டால், எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்த நிலையில் விசாரணையை ஆரம்பிக்கலாம்.

மாதக்கணக்கில் நிற்கப் போகும் கார் என்றால், கசிவே இல்லாவிட்டாலும் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டி வைப்பது நல்லது. மேலே போட்ட கணக்கின்படி, நியாயமான 50 மில்லி ஆம்பியருக்கே தவணை 29 நாள்தான்.